மூன்று ஓட்டு வாங்கிய இடது பேக்

பெரிய ஆட்டக்காரர்களின் வரலாற்றை எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் போட்ட கோல்களை எண்ணவும், மீசை முறுக்கிய படத்தை அச்சிடவும் லண்டனில் சம்பளத்துக்கே ஆள் வைத்திருக்கிறார்கள். வட இங்கிலாந்தில் எங்கள் கிளெக்ஃபோர்டு ஆல்பியன் கால்பந்து அணியின் இடது பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரன், சேத் ஒலரென்ஷாவுக்கு அப்படி ஒருவரும் அமையவில்லை. பதினோரு வருடம் ஆடினான். வாழ்நாளில் ஒரே ஒரு கோல் போட்டான். அது எங்கள் கோல்கீப்பரைத் தாண்டிப் போனது. இப்பேர்ப்பட்ட ஒரு மனிதன் பதினோரு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தான் என்பதை யாராவது எழுதி வைக்கத்தானே வேண்டும்?

1881இல் பஞ்சாலைக்குப் பின்புறத் தெருவில் பிறந்தான். பத்து வயதில் ஊர் வழக்கப்படி காலையில் ஆலை, மத்தியானம் பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்துக்கும் பாதிப் பாதியாகப் போனான். இரண்டு இடத்திலும் முழுசாகத் தூங்கினான். இருபத்தோரு வயதில், ஆல்பியனின் பழைய இடது பேக் காலை உடைத்துக்கொண்டபோது, அவசரத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று ஆலை அணியில் தேடினார்கள். சொந்தமாக பூட்ஸ் வைத்திருந்தவன் சேத் ஒருவன்தான். திறமையைக் கண்டெடுப்பது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, எங்கள் ஊரில் அது இப்படித்தான் நடந்தது.

அவன் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதுவே சுருக்கமானது. இடது பேக்குக்கு இடது கால் வேண்டும். சேத்துக்கு அந்தக் கால் நிற்பதற்கு மட்டும்தான் பயன்பட்டது. பந்து பக்கத்தில் வந்தால், உடம்பை அரைவட்டம் சுழற்றி வலது காலைக் கொண்டுவந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்து ஒரு உதை. பந்து கூரைக்கு மேலே போய்க் கால்வாயில் விழும். சுழல்வதற்குள் எதிரணிக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால், சேத் அவனைத் திரும்பிப் பார்த்து, யாரோ செய்த தப்பைக் கண்டது போலத் தலையை ஆட்டுவான்.

இரண்டாவது ஆட்டப் பருவத்திலேயே அவனை உட்கார வைத்துவிட்டார்கள். அது நியாயம். அதற்குப் பிறகு நடந்ததுதான் வரலாறு.

ஆல்பியனில் அணியைத் தேர்ந்தெடுப்பது மானேஜரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பயிற்சியாளரின் வேலை, பஞ்சும் வாளியுமாக ஓடிவந்து அடிபட்டவன் கழுத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. தேர்வு செய்பவர்கள் கழகத்தை நடத்தும் ஐந்து டைரக்டர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கறிக்கடை ரிக்பியின் மாடியில் கூடுவார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொல்லிக் கை தூக்குவார்கள். மூன்று கை உயர்ந்தால் அவன் ஆட்டக்காரன். வெள்ளிக்கிழமை காலையில் பட்டியலை ரிக்பி நீலப் பென்சிலால் எழுதித் தன் கடைக் கண்ணாடியில், தொங்கும் பன்றித் தலைக்கும் குடல் தட்டுக்கும் நடுவில் ஒட்டுவார். ஊரே அங்கே வந்து படிக்கும். அப்படியே அரை ராத்தல் ஏதாவது வாங்கிக்கொண்டும் போகும். ரிக்பி டைரக்டர் ஆனதே இதற்காகத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. சொன்னவர்களும் வாங்கினார்கள்.

உட்கார வைக்கப்பட்ட சேத்தை ஒரு வியாழக்கிழமை அவன் மனைவி கெசியா குடல் வாங்கி வர அனுப்பினாள். கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரிக்பி தானே எடைபோட்டுக் கொடுத்தார். மறுநாள் கண்ணாடியில் அவன் பெயர் இருந்தது. அடுத்த வியாழன் கெசியா மீன் வாங்கிவிட்டாள். பெயர் இல்லை. அதற்கடுத்த வியாழன், மீன் இருக்க இருக்கவே, சேத் தானாகப் போய் இரண்டு ராத்தல் குடல் வாங்கினான். பெயர் இருந்தது. இயற்கையின் விதிகளைக் கண்டுபிடித்த பெரியவர்கள் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து சேத்துக்கு ஆட்டம் என்றால் என்ன என்று புரிந்துவிட்டது. அது மூன்று கை. ரிக்பியோடு சேர்ந்து உயர்ந்த மற்ற இரண்டும் வாரத்துக்கு வாரம் மாறின; மூன்றையும் நிலையாகப் பிடிக்க வேண்டும்.

ரிக்பியின் கை குடலால் உயர்ந்தது. வாரம் இரண்டு ராத்தல், வெங்காயமும் பாலும் போட்டு வேகவைத்து, காடி ஊற்றிச் சாப்பிட்டான். "பாத்தீங்களா அந்தத் தொடையை? என் கடைக் குடல்ல வளந்தது" என்று ரிக்பி வாடிக்கையாளர்களிடம் சேத்தைத் திருப்பிக் காட்டுவார். தொடை உண்மையில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வயிறும் சேர்ந்து வளர்ந்ததை ரிக்பி கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது கை சவப்பெட்டிக் கடை நட்டலுடையது. நட்டல் மெதுவாகப் பேசுபவர். எதிரில் நிற்பவனின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு பேசுபவர். அவருக்குப் பெட்டி தூக்க ஆள் வேண்டும். கழகம் சம்பளம் கொடுத்ததால் ஆட்டக்காரர்களுக்குப் பகலில் வேலை இல்லை. சேத் தானாகப் போய் நின்றான், கூலி வேண்டாம் என்றான். நட்டலுக்கு அவன் தோளைவிட அவன் முகம்தான் பிடித்துப்போயிற்று. ஆறு கோல் வாங்கித் தோற்ற சனிக்கிழமைக்கு அடுத்த திங்களன்று அந்த முகத்தைப் பார்த்தால், செத்தவனின் சொந்தக்காரர்களே வெட்கப்பட்டு அழ ஆரம்பிப்பார்கள்.

"நம்ம ஆளு யாரு செத்தாலும் தன் வீட்டுச் சாவு மாதிரி மூஞ்சிய வச்சிருப்பான். காசு குடுத்தாலும் இது கெடைக்காது" என்று நட்டல் சொல்வார். காசு கொடுத்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்.

எப்போதும் இடது மூலையைத் தூக்கியதால் சேத்தின் இடது தோள் நாளடைவில் இறங்கிவிட்டது. ஓடும்போது, ஒரு பக்கம் சரக்கு அதிகம் ஏற்றிய படகு போலச் சாய்ந்துகொண்டே ஓடினான். படிப்படியாகக் கட்டிய பார்வையாளர் மேடையில் நின்ற கூட்டம், "சேத்து! இன்னிக்கு யாருய்யா உள்ள? எறக்கி வச்சிட்டு ஓடு!" என்று கத்தும்.

மூன்றாவது கைதான் கஷ்டமானது. ஜவுளிக்கடை கிரிம்ஷா மெதடிஸ்ட் ஜெபக்கூடத்தின் தூண். மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். குடியை விட்டவனைத்தான் அவருக்குப் பிடிக்கும். சேத்தோ குடித்ததே இல்லை. ஒரு குவளை பீருக்கே அவனுக்கு வயிறு இரைந்துவிடும். குடிக்காதவன் விடுவது எப்படி? சேத் இதைப் பற்றி ஒரு வாரம் யோசித்தான். ஆடுகளத்தில் அவன் எதைப் பற்றியும் அவ்வளவு நேரம் யோசித்ததில்லை. அடுத்த புதன்கிழமை ஜெபக்கூடத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னான். குடியில் கிடந்தேன், சாக்கடையில் விழுந்தேன், சம்பளத்தைத் தொலைத்தேன், பெண்டாட்டியைப் போட்டு அடித்தேன், கிரிம்ஷா ஐயாவின் பிரசங்கம் கேட்டுத் திருந்தினேன். கிரிம்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு உறுதிமொழிச் சீட்டை நீட்டினார். சேத் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலையிலேயே விஷயம் நெசவுக்கூடத்துக்குப் போய்விட்டது. தறி இரைச்சலில் காது கேட்காததால் எங்கள் ஊர்ப் பெண்கள் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். நான்கு தறிகளை ஓட்டிக்கொண்டிருந்த கெசியா, எதிர் வரிசையில் நாற்பது உதடுகள் தன் பெயரை அசைப்பதைப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மரச்செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"நீ என்னை அடிச்சியாக்கும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"எந்தக் கையால? அதையும் சொல்லிரு. நாளைக்கு யாராவது கேட்டா நானும் ஒரே மாதிரி சொல்லணும்ல?"

"ஒரு ஓட்டுடி, கெசியா. மூணாவது ஓட்டு."

"ஒரு ஓட்டுக்கு என்னைப் போட்டு மிதிச்சிருக்கே. அஞ்சு ஓட்டும் வேணும்னா கொன்னே போட்டிருப்பே. நட்டல் பெட்டிய ஓசியில குடுத்திருப்பாரு, நீயே தூக்கிட்டுப் போயிருப்பே."

"திரும்ப ஆலைக் கார்டு ரூமுக்கு, பஞ்சு சிக்கெடுக்கப் போகச் சொல்றியா? அந்தப் பஞ்சுத் தூசில எங்கப்பன் இருமி இருமிச் செத்தான்."

கெசியா மரச்செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். குடலை அடுப்பில் ஏற்றினாள். அவள் அதைத் தொட்டுச் சாப்பிட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

தூசி உண்மைதான். ஆனால் சேத் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவன் ரிக்பி கடைப் பக்கமாக மூன்று முறை நடப்பான். முதல் முறை பெயர் இருக்கிறதா என்று பார்க்க. இரண்டாவது முறை, மற்றவர்கள் அதைப் பார்க்கிறார்களா என்று பார்க்க. மூன்றாவது முறைக்குக் காரணம் கிடையாது. ஒரு மனிதன் தன் பெயரை நீலப் பென்சிலில், பன்றித் தலைக்குக் கீழே, இவ்வளவு ஆசையாகப் பார்த்ததை இங்கிலாந்தில் வேறெங்கும் காண முடியாது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் தான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. கார்டு ரூமில் அவனுக்கு ஒரு எண்தான் இருந்தது.

மீதி இரண்டு ஓட்டுகள் பீர் ஆலை முதலாளி என்ட்விசிலுடையதும், அவர் சொன்னதற்குத் தலையாட்டும் ஆலை மானேஜருடையதும். மதுவிலக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டவனுக்கு என்ட்விசில் கை தூக்குவாரா? அதுபோக, இந்த இரண்டு பேரும் வெளியே குளிரில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள். அதனால் அவர்களைச் சேத் ஆரம்பத்திலேயே கைவிட்டான்.

மற்ற மூவரும் எங்கே இருந்தார்கள் என்கிறீர்களா? இருக்கைகளுக்குக் கீழே டைரக்டர்களுக்கென்று ஒரு மர அறை. அதில் நிலக்கரி அடுப்பு, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட சூடான கறிப் பை, தேநீர். ஆடுகளத்தைப் பார்த்த ஒரு சன்னலும் உண்டு. குளிர்காலம் முழுக்க அது ஆவி படிந்து பால்போல வெள்ளையாக இருக்கும். கை வைத்துத் துடைத்தால் சட்டைக் கை நனைந்துவிடும் என்று யாரும் துடைப்பதில்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துக் கோல் எந்தப் பக்கம் என்று ஊகிப்பார்கள். இப்படி ஒன்பது வருடம் ஊகித்தார்கள்.

இதில் அழகு என்னவென்றால், மூவரில் ஒவ்வொருவரும் தாம் மட்டும்தான் சேத்தைத் தனிப்பட்ட காரணத்துக்காக ஆதரிப்பதாக நினைத்தார். மற்ற இருவரும் விஷயம் தெரிந்து கை தூக்குகிறார்கள் என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ரிக்பி, தனக்கு ஆட்டம் புரியாது, ஆனால் நட்டலுக்குப் புரியும் என்று நம்பினார். நட்டல் கிரிம்ஷாவை நம்பினார். கிரிம்ஷா கடவுளையும் ரிக்பியையும் நம்பினார். ஒரு பாராளுமன்றமே இப்படி நடக்கும்போது ஒரு பந்தாட்டக் கழகம் நடக்கக் கூடாதா?

1912இல் ஹெஸ்கெத் வந்து சேர்ந்தான். நிலக்கரிச் சுரங்க அணியிலிருந்து வந்தவன். வாய் திறந்தால் கெட்ட வார்த்தை. குடல் சாப்பிடமாட்டான், பெட்டி தூக்கமாட்டான், சனிக்கிழமை ராத்திரி பாடிக்கொண்டே வீட்டுக்குப் போவான். அவனுக்கு இடது கால் இருந்தது. இரண்டாம் அணியில் மாதக்கணக்கில் ஆடினான். அவனைப் பார்ப்பதற்கென்றே இரண்டாம் அணி ஆட்டத்துக்குக் கூட்டம் போயிற்று. அப்படி ஒரு அவமானம் முதல் அணிக்கு அதற்கு முன் நேர்ந்ததில்லை.

அடுத்த ஜனவரியில் கோப்பை ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கியதில், எங்களுக்கு முதல் டிவிஷன் அணி ஒன்று விழுந்தது. எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். என்ட்விசில் ஊர் முழுக்க ஹெஸ்கெத் பெயரைச் சொல்லித் திரிந்தார். அந்த வியாழக்கிழமை சேத் மூன்று ராத்தல் குடல் வாங்கினான். காலையில் இரண்டு பெட்டி தூக்கினான். முந்தின நாள் ஜெபக்கூடத்தில் புதிதாகச் சில சாக்கடைகளை நினைவுக்குக் கொண்டுவந்து அழுதான். வெள்ளிக்கிழமை பெயர் இருந்தது. மூன்றுக்கு இரண்டு.

கெசியா சொன்னாள்: "இந்தத் தடவை மட்டும் கால்ல கொஞ்சம் ஆடிப் பாரேன். மாறுதலுக்கு."

சனிக்கிழமை எட்டாயிரம் பேர் வந்தார்கள். பக்கத்து ஊர் ஆலைகளெல்லாம் சீக்கிரம் மூடின. இவர்களோடு, யாரும் நினைக்காத பதின்மூன்று பேரும் வந்தார்கள். எதிரணியின் டைரக்டர்கள் ஏழு பேர், அவர்களில் ஆறு பேரின் மனைவிமார். முதல் டிவிஷன் சீமாட்டிகளை ஜனவரி ஆலங்கட்டி மழையில் உட்கார வைக்க முடியுமா? அடுப்பு அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ரிக்பியும் நட்டலும் கிரிம்ஷாவும், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, களத்தின் ஓரமாகப் போட்ட ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் சன்னல் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியபோது, சேத் ஆட வேண்டிய ஓரம் அந்தப் பெஞ்சுக்கு நேர் முன்னால் வந்தது.

அவன் அவர்களைப் பார்த்தான்.  மூன்று ஓட்டும் ஒரே பெஞ்சில்! இதுவரை மூவரையும் ஒன்றாக அவன் எதிர்கொண்டதே கிடையாது. ரிக்பி முன்னால் தெம்பாக நிற்க வேண்டும். நட்டல் முன்னால் சோகமாக நிற்க வேண்டும். கிரிம்ஷா முன்னால் திருந்தி நிற்க வேண்டும். மூன்றையும் ஒரே மூஞ்சியில் எப்படிக் கொண்டுவருவது? இந்தக் குழப்பத்தில் அரை மணி நேரம் அவன் பந்தின் பக்கமே போகவில்லை. அதனால் எங்கள் அணி பிரமாதமாக ஆடிற்று. கோலில்லாமல் எண்பது நிமிடம் கடந்தது. இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் மறு ஆட்டம், பெரிய ஊர், ரயில் பயணம். எட்டாயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

எண்பத்தொன்றாவது நிமிடம் எதிரணிக்காரன் ஒருவன் தவறி உதைத்த பந்து ஓரமாக உருண்டு வந்தது. வேகம் இல்லை, சேத்தை நோக்கித் தானாகவே வந்தது. பாட்டி கூடத் தடுத்திருப்பாள். அந்த நேரம் பார்த்துப் பெஞ்சில் இருந்த மூவரும், பந்து தங்கள்மேல் வந்துவிடுமோ என்ற பயத்தில், எழுந்து நின்றார்கள்.

கிளெக்ஃபோர்டில் முதலாளிமார் எழுந்து நின்றால் தொழிலாளியின் வலது கை என்ன செய்யும் என்று அந்தக் கையைக் கேட்க வேண்டியதில்லை. பத்து வயதில் ஆலைக்குள் நுழைந்த நாள் முதல் அது பழகியது. மேஸ்திரி வந்தால் நெற்றிக்குப் போகும். முதலாளியின் குதிரைவண்டி போனால், உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் போகும். சேத்தின் கை நெற்றிக்குப் போயிற்று. குதிகால்கள் சேர்ந்தன. தலை குனிந்தது. ஒரு முதலாளிக்கு ஒரு சலாம் என்றால் சட்டென்று முடிந்திருக்கும். மூன்று பேர் என்பதால் அவன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.

பந்து அவன் பூட்ஸின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. எதிரணியின் வலது ஓரத் தாக்குதல்காரன் ஒரு கணம் நம்பாமல் நின்றான். பிறகு ஓடிப்போய் எடுத்து, உள்ளே வெட்டி, வலைக்குள் தள்ளினான்.

 அப்புறம் மேடையிலிருந்து ஒரு குரல்:

"யோவ் சேத்து! சலாம் போட்டது போதும், சம்பளம் ஏத்திட்டாங்க! நிமிருய்யா!"

ஆட்டம் ஒன்றுக்குச் சைபர் என்று முடிந்தது.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் சேத் ரிக்பியின் கடைக்குப் போனான். நான்கு ராத்தல் கேட்டான். கடையில் ரிக்பியின் மனைவி மட்டும் இருந்தாள். மாடியில் கூட்டம் ஆரம்பித்திருந்தது. பலகைத் தரை வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கீழே விழுந்தது. அவள் குடலைத் தராசில் போட்டுவிட்டு, எடைக்கல்லை வைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இடது பேக்" என்றார் என்ட்விசில். அவர் குரலில் கோப்பையே வென்றது போல ஒரு குஷி. "மூணு பேரும் வழக்கம்போலக் கையத் தூக்குங்க. எழுதிட்டு வீட்டுக்குப் போவோம்."

"தூக்கத்தான் போறேன்" என்றார் ரிக்பி. "கோல் போச்சு, சரி. ஆனா ஆட்டத்துக்கு நடுவுலயும் மரியாதை மறக்காதவன்யா அவன். என்னைப் பாத்ததும் ஒரு சலாம் வச்சான் பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

கீழே சேத்துக்கு மூச்சு வந்தது. ஒன்று.

"உங்களையா?" இது நட்டல், எப்போதும் போல மெதுவாக. "தப்பா எடுத்துக்காதீங்க ரிக்பி. அது எனக்கு. ஒன்பது வருஷமா என் பெட்டியத் தூக்குறவன்."

"உங்க பெட்டியத் தூக்குறானா? எதுக்கு?"

"என்மேல இருக்கற பிரியத்துக்கு."

"சகோதரர்களே" என்றார் கிரிம்ஷா, "இருவருமே தவறாக நினைக்கிறீர்கள். சாக்கடையிலிருந்து அவனைக் கைதூக்கிவிட்டவன் நான். அந்த நன்றிதான் அது. குடித்துவிட்டு மனைவியை அடித்த மனிதன்—"

"யாரு, சேத்தா? கெசியாவையா?" ரிக்பி சிரித்தார். "யோவ், அந்தப் பொம்பளை ஒரு தட்டு தட்டுனா இவன் கால்வாய்ல கெடப்பான்!"

கீழே ரிக்பியின் மனைவி சேத்தைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "அது வாஸ்தவம்தான்" என்றாள்.

மாடியில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஒன்பது வருடத்து எண்ணம் ஒன்று மூன்று தலைகளுக்குள் மெல்லத் திரும்பிப் படுத்தது.

"அப்ப நீங்க" என்று ரிக்பி நட்டலிடம் கேட்டார், "ஆட்டத்தப் பாத்து ஓட்டுப் போடலையா?"

"நான் எங்கங்க பாத்தேன்? சன்னலுக்கு முதுகக் காட்டித்தான உக்காருவேன். அடுப்பு அந்தப் பக்கம். கிரிம்ஷா பாக்குறாருன்னு நெனச்சேன்."

"நான் ரிக்பி பார்க்கிறார் என்று நினைத்தேன்."

"எனக்குப் பை பிரிச்சுக் குடுக்கவே நேரம் சரியா இருக்கும்! நீங்க ரெண்டு பேரும் பாக்குறீங்கன்னுல்ல நான்..."

"ஆக" என்றார் என்ட்விசில், நிதானமாக, ருசித்து, "ஒன்பது வருஷமா யாருமே பாக்கல."

சேத் தராசைப் பிடித்துக்கொண்டான். மேலே ஏறிப் போய், கதவைத் திறந்து, ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தான். என்ன சொல்வது? மூவரையும் ஒரே நேரத்தில் பார்த்தால் கை மறுபடி நெற்றிக்குத்தான் போகும்.

"என்கிட்ட குடல் வாங்குனதும் ஓட்டுக்காகத்தானா?" ரிக்பியின் குரலில் உண்மையான வலி இருந்தது. "நான் ருசிக்காகன்னு நெனச்சேனேய்யா!"

அதுதான் தீர்ப்பு. ஒருவன் ஆட்டத்தில் கோட்டை விட்டால் ரிக்பி மன்னிப்பார். மூவர் மூக்கையும் ஒரே நேரத்தில் அறுத்தவனை யார் மன்னிப்பது? ஏமாந்தவர்கள் ஏமாந்ததை ஒத்துக்கொள்வதைவிட, கொள்கைக்காகக் கோபப்படுவது சுலபம். நட்டல் அணியின் கண்ணியம் பற்றிப் பேசினார். கிரிம்ஷா பொய்ச்சாட்சி பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பேசப் பேச, சேத்துக்கு இடது கால் கிடையாது என்பதைத் தாங்கள் ஆரம்பத்திலிருந்தே கவனித்து வந்ததாக மூவருக்கும் ஞாபகம் வந்தது. ஹெஸ்கெத் பெயரைச் சொன்னதும் ஐந்து கைகள் உயர்ந்தன. ஆல்பியன் வரலாற்றில் ஐந்து பேரும் ஒன்றாகக் கை தூக்கியது அதுவே முதல் தடவை. இரண்டாம் அணிக்கும் சேத்தை எடுக்கவில்லை. அதற்கும் ஐந்து.

"நாலு ராத்தல் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள் ரிக்பியின் மனைவி.

சேத் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கெசியா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தினாள்.

"அஞ்சு ஓட்டா?"

"அஞ்சும்."

"எப்படியோ ஒரு தடவையாவது அஞ்சும் வாங்கிட்டே" என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, "சரி, உக்காரு. இன்னிக்கு மீன் வாங்கி வறுக்கறேன்" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் ஆறுதல் எதிர்பார்ப்பவன் அவளைத் தெரியாதவன்.

வெள்ளிக்கிழமை அவன் கடைப் பக்கம் போகவில்லை. ஒருமுறைகூட.

சனிக்கிழமை மத்தியானம் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கால் தானாக மைதானத்துக்குப் போயிற்று. ஆட்டக்காரர்களின் கதவில் காவல்காரன் தலையை ஆட்டி, ஆறு பென்னி வரிசையைக் காட்டினான். சேத் தொப்பியைக் கண்வரை இறக்கி, கம்பளித் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு, காசைக் கொடுத்து மேடைக்கு ஏறினான். பக்கத்தில் நின்றவன் வெளியூர்க்காரன், வாயில் புகைக்குழாய். இவனை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. பதினோரு வருடம் ஆடியவன் முதல்முறையாக ஒரு ஆட்டத்தைப் பார்த்தான். ஹெஸ்கெத் இடது காலால் பந்தை அப்படியே அமுக்கி நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, முன்னால் நின்ற நடு ஆட்டக்காரனுக்குத் தரையோடு தள்ளினான்.

"என்ன பண்றான் இவன்?" என்றான் சேத். "மேல தூக்கி அடிக்க வேண்டியதுதான?"

"எதுக்கு? நம்ம ஆளு அங்க நிக்குறான்ல, அவனுக்குக் குடுத்தான். எதிர்ப்பக்கத்த ஒடைக்கலாம்ல?" வெளியூர்க்காரன் குழாயாலேயே காட்டினான். "அதோ பாரு, ஓரம் காலியா கெடக்கு. இப்ப போவும் பாரு."

போயிற்று. சேத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இந்த ஆட்டத்துக்கு ஒரு வழிமுறை இருக்கிறது என்று இத்தனை வருடமும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று அவன் பெட்டி தூக்கப் போயிருப்பான்.

"நல்ல ஆளுதான்யா" என்றான் வெளியூர்க்காரன். "இத்தன நாளு இவன ஏன் உக்கார வச்சிருந்தாங்க? இங்க யாரோ ஒரு சலாம் பேக்கு இருந்தானாமே?"

 சேத் தோளைச் சரிசெய்துகொண்டான்.

"எல்லாம் இந்த டைரக்டருங்களாலதான்யா" என்றான். "ஆட்டம்னா என்னன்னே தெரியாத கூட்டம். சன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டு கறிப் பை தின்னா, எவன் ஆடுறான் எவன் சும்மா நிக்குறான்னு எப்படித் தெரியும்? கேக்க ஆளில்ல இந்த ஊர்ல."

"அப்படியா? அநியாயமா இருக்கே!"

"அநியாயம்தான். கொஞ்சநஞ்சமில்ல."

அந்த நேரம் ஹெஸ்கெத் ஒரு பந்தைத் தவறவிட்டான். அன்று அவன் செய்த ஒரே தப்பு. பந்து அவன் காலடியில் வழுக்கி வெளியே போயிற்று. கூட்டம் அதைக் கண்டுகொள்ளவில்லை. மேடையில் எட்டாவது படியிலிருந்து ஒரே ஒரு குரல்தான் எழுந்தது. கம்பளித் துண்டை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு, மனசாரக் கத்திய குரல்.

"டேய்! காசு குடுத்து வந்திருக்கோம்டா! ஆடத் தெரியலன்னா வெளிய போடா!"